வாயைத் திறந்து வைத்தவர்கள்

பாடம் செய்த புலிகளில் வாய் மூடிய புலி ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரவில்லை. ஊட்டி க்ளப்பின் சுவர்களில், பழைய ஜமீன் வீட்டு முன்கூடங்களில், நம் சினிமாவில் பண்ணையார் இறங்கிவரும் மாடிப்படிக்கு மேலே, எங்கும் வாய் பிளந்த தலைதான். உதடு மேலேறி, கோரைப்பல் நான்கும் தெரிய, மூக்கின் இருபுறமும் தோல் சுருங்கி, இதோ பாயப்போகிறேன் என்கிற முகம். சுடப்பட்ட புலியின் முகம் அப்படி இருக்காது. உயிர் போனதும் தாடை தளர்ந்து நாக்கு ஒரு பக்கம் சரிந்துவிடும். தோலை உரித்து, உப்பிட்டுப் பதனிட்டு, பூச்சி அரிக்காதிருக்க உள்பக்கம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, காகிதக்கூழில் வார்த்த உருவத்தின் மேல் இழுத்துப் போர்த்திய பிறகுதான் முகவேலை தொடங்கும். உதட்டோரத்தைத் தூக்கி ஊசி குத்தி நிறுத்துவார்கள். சுருக்கங்களை ஒவ்வொன்றாகக் களிமண்ணில் பிடிப்பார்கள். மெழுகில் செய்த நாக்கை வாய்க்குள் வளைத்து வைத்து, ஈறுக்குச் சிவப்புப் பூசி, ஈரமாகத் தெரிய வார்னிஷ் அடிப்பார்கள். கடைசியில் கண்ணாடி விழி. மைசூரில் வான் இங்கன் குடும்பம் 1900 முதல் 1999 வரை நடத்திய பட்டறையில் மட்டும் புலியும் சிறுத்தையுமாக ஏறத்தாழ 43,000 உடல்கள் இந்த வேலைக்கு உட்பட்டன. கைவேலை என்று பார்த்தால் அபாரமானது. அந்த அபாரம்தான் என்னை வதைக்கிறது. கொன்ற பிறகு, கொல்லப்பட்டதன் முகத்தில் கொலைவெறியை வரவழைத்திருக்கிறார்கள். தன்னைக் கொன்றது சரிதான் என்று அந்தப் புலியையே, அதன் தோலைக் கொண்டே, சொல்லவைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. இந்தத் தீவின் புலிக் கதையில் நம் ஆட்கள் நடுவில் நிற்கிறார்கள். ஹைன்ரிஷ் லாய்ட்டமன் என்ற ஜெர்மானிய ஓவியர் 1865-ஐ ஒட்டி வரைந்த ஒரு படத்தின் அச்சுப் பிரதியைத் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1835-இல் காட்டுக்குள் சாலை போட நிலம் அளந்துகொண்டிருந்த கட்டடக் கலைஞர் கோல்மன் மீது புதரிலிருந்து ஒரு புலி பாய்கிறது. நில அளவைக் கருவியின் மூன்று கால்களும் வானத்தைப் பார்த்துச் சரிகின்றன. கோல்மனைச் சுற்றி மிரண்டு விழுகிறவர்கள், ஓடுகிறவர்கள் எல்லாரும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அன்று யாரும் சாகவில்லை. உடைந்தது கருவி மட்டும். ஆனால் படத்தில் புலியின் வாய், சுவரில் மாட்டிய தலையின் வாய்தான். கொஞ்ச நேரம் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்தக் கைதிகளுக்கென்று தனி முகமே இல்லை. பயம் என்கிற ஒரே முகத்தை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார் ஓவியர். புலிக்குக் கொடூரம், கைதிக்குப் பயம், வெள்ளைத் துரைக்கு மட்டும் ஒரு பெயர். ஹோ ட்சு நியென் என்ற சிங்கப்பூர்க் கலைஞர் இந்த ஒரே படத்தை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகளாக மேடையிலும் திரையிலும் திரும்பத் திரும்ப வேலை செய்துகொண்டிருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. பார்த்து முடித்துவிட்டு நகர முடியாத படம் அது.

1825-இல் பென்கூலனிலிருந்து வந்த முதல் தொகுதி தொடங்கி, 1873-இல் அந்தத் தண்டனைக் குடியிருப்பு மூடப்படும்வரை, இந்தியக் கைதிகள் இந்த ஊரின் சாலைகளைப் போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செங்கல் சுட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டினார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. கைதிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த மெக்நேர் 1899-இல் வெளியிட்ட புத்தகத்தில், அவர்களைக் குழுக்களாகப் பிரித்துத் துப்பாக்கியோடு புலி வேட்டைக்கு அனுப்பிய கதையும் வருகிறது. ஏன் அனுப்பினார்கள்? காம்பியர், மிளகுத் தோட்டங்களில் சீனத் தொழிலாளர்கள் புலிக்கு இரையாகிக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு ஓர் ஆள் என்று அன்றைக்குப் பேச்சு. 1854-இல் புக்கிட் தீமாவில் தங்கி வண்டு பிடித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் அந்தக் கணக்கையே எழுதிவைத்திருக்கிறார். தோட்டத்துக்காகக் காட்டை அழித்தார்கள். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகுக்காக மிச்சக் காட்டையும் வெட்டினார்கள். மனிதன் தனியாகக் குனிந்து வேலை செய்யும் இடமும் புலி நடமாடும் இடமும் ஒன்றாகிப் போனது. புலித்தலைக்கு அரசு அறிவித்த வெகுமதி ஒரு கட்டத்தில் 100 வெள்ளியாக இருந்தது. செத்த கூலிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் புலி நிஜமாகவே பயங்கரம். இதை மறைத்துவிட்டு நான் பேச முடியாது. புலி பாவம் என்று மட்டும் சொல்லி முடிப்பவர்கள், அந்தக் காம்பியர்த் தோட்டங்களில் பெயர் தெரியாமல் செத்தவர்களை இன்னொரு முறை காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஆனால் புலியை எப்படிக் கொன்றார்கள் என்பதையும் வாலஸ் எழுதியிருக்கிறார். குழி வெட்டி. மேலே குறுகி அடியில் அகன்ற குழி, 15 அல்லது 20 அடி ஆழம். அதன் மேல் குச்சியும் இலையும் பரப்பிவிடுவார்கள். வாலஸே பல தடவை அதில் விழப் பார்த்திருக்கிறார். விழுந்தால் இன்னொருவர் கைகொடுக்காமல் ஏறிவர முடியாது. முன்னாளில் குழியின் அடியில் கூரான கழுமரம் ஒன்றையும் நட்டு வைப்பார்களாம். வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து செத்த பிறகு கழுமரத்தைத் தடைசெய்தார்கள். இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். கழுமரத்தில் புலி கிடந்து துடித்தபோது எழாத கேள்வி, மனிதர் ஒருவர் விழுந்த பிறகுதான் எழுந்திருக்கிறது. இரவெல்லாம் குழிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைத் தோட்டத்துக் கொட்டகையில் படுத்திருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்பது வேறு. வேட்டைக் காட்சியை உள்ளது உள்ளபடி காட்டுகிறோம் என்று சொல்லும் அரும்பொருளகங்களில் இந்தக் குழி எங்கே? பரண் எங்கே? பரணுக்கு அடியில் கட்டிவைத்த எருமைக்கன்று எங்கே? பாயும் புலியும் உதிர்ந்த சருகும் வர்ணம் தீட்டிய வானமும் அச்சு அசலாக இருக்கின்றன. கொன்றவன் மட்டும் கண்ணாடிக்கு வெளியே, நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறான். அவன் இடத்தில் நம்மை நிறுத்திவிட்டு, புலியை நம் மேல் பாயவிடுகிறார்கள்.

1902 ஆகஸ்டில் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் ஒரு புலி சுடப்பட்ட கதையைச் சிங்கப்பூரில் எல்லாரும் கேட்டிருப்பார்கள். சுடக் கூப்பிடப்பட்டவர் ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் ஃபிலிப்ஸ். சுற்றுலாக் கதைகளில் அது மேசைக்கடியில் பதுங்கிய காட்டுப்புலியாகிவிட்டது. உண்மையில் பீச் ரோட்டில் நடந்த சர்க்கஸிலிருந்து தப்பிவந்த விலங்கு அது. தூண்களின் மேல் எழுப்பிய கட்டடத்தின் அடியில், இருட்டில், ஒளிந்துகொள்ள இடம் தேடிப் போயிருந்தது. கூண்டில் பிழைத்து, மனிதச் சந்தடிக்குப் பழகி, வெளியே வந்து திகைத்துப்போன ஒரு புலி. அந்தத் திகைப்பை எந்தக் கைவினைஞரும் எந்தத் தோலிலும் செய்துவைக்கப்போவதில்லை. யாரும் அதைக் கேட்டு வாங்க மாட்டார்கள். அப்புறம் 1930 அக்டோபரில் சுவா சூ காங்கில் ஓங் கிம் ஹோங் என்ற வேட்டைக்காரர் சுட்டதுதான் இந்தத் தீவின் கடைசிக் காட்டுப்புலி என்கிறார்கள். ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து அதற்குப் பிறகு எதுவும் வந்ததாக உறுதியான செய்தி இல்லை.

சாவைப் பார்க்கக் கூசுவதுதான் என் சிக்கலா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டுக்கறிக் கடைகளுக்கு முன் வளர்ந்தவர்கள் நாம். கொக்கியில் தொங்கும் தொடை, கட்டையில் கத்தி விழும் சத்தம், தரையில் ஓடும் தண்ணீர், அந்த வாடை, எதையும் அங்கே யாரும் மறைப்பதில்லை. அந்த ஆட்டை யாரும் நம்மேல் முட்டவரும் ஆடாக நிறுத்திவைப்பதும் இல்லை. என் மன உறுத்தலுக்குச் சரியான இணை வேறோர் இடத்தில் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் காலாக்கி, பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும். மடி சுரக்கும். கறந்துகொள்வார்கள். சிராங்கூன் சாலை மாட்டுப்பட்டிகளும் பால்காரர்களுமாக இருந்த காலத்தை நேரில் பார்த்த பெரியவர்களிடம் வைக்கோல் கன்றைப் பற்றிக் கேளுங்கள். ஊரில் பார்த்ததைச் சொல்வார்கள். சொல்லும்போது பெரும்பாலும் குரல் இறங்கும். வறுமையில் வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனாலும் அப்படிக் கறந்த பாலைக் குடிப்பது பழி என்று சொல்லும் ஒரு குரல் நம் அறநூல் மரபில் உண்டு. கன்று செத்ததற்காக வந்த பழி அல்ல அது. செத்த தோலைக் காட்டி, உயிருள்ள ஒன்றின் உள்ளத்திலிருந்து அன்பை ஏமாற்றி வாங்கியதற்கான பழி. உறுமும் புலிக்கு முன்னால் நிற்கும் என்னிடமிருந்தும் அப்படியே ஒன்றைக் கறக்கிறார்கள். அங்கே கறந்தது பாசம். இங்கே கறப்பது பயம், அதைத் தொடர்ந்து கொன்றவன்மேல் ஒரு மதிப்பு.

இந்தக் கறவையை மேலைநாடுகள் பெருந்தொழிலாகவே செய்தன. 1886-இல் லண்டனில் நடந்த காலனிய, இந்தியக் கண்காட்சிக்கு ரோலண்ட் வார்ட் என்ற புகழ்பெற்ற கைவினைஞர் ஒரு முழுக் காட்டையே செய்து கொடுத்தார். அதில் யானைமேல் புலி பாய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் அலைமோதியது. அதற்கும் முன்பு, 1867 பாரிஸ் கண்காட்சியில், எடுவார் வெர்ரோவின் பட்டறை ஒட்டகத்தில் போகும் அரபுத் தூதன் ஒருவனைச் சிங்கங்கள் தாக்கும் காட்சியை நிறுத்தியது. அந்தச் சிங்கங்கள் வட ஆப்பிரிக்காவின் பார்பரி சிங்கங்கள். இன்று காட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காட்சிப்பெட்டி பிறகு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி அரும்பொருளகத்துக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதன் முன்னால் நின்று வளர்ந்தார்கள். தூதன் வெறும் பொம்மை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பின்னாளில் ஊடுகதிர் கொண்டு உள்ளே பார்த்தபோது அந்தப் பொம்மைத் தலைக்குள் இருந்தது நிஜமான மனித மண்டையோடு. யாருடையது என்று தெரியவில்லை. வெர்ரோ சகோதரர்களுக்கு இது புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் ஒரு ட்ஸ்வானா மனிதரின் உடலைப் புதைகுழியிலிருந்து திருடி, விலங்கைப் போலவே பாடம் செய்து, கையில் ஈட்டியைக் கொடுத்துக் காட்சிக்கு வைத்தவர்கள் அவர்கள். ஸ்பெயினின் பன்யோலஸ் ஊரில் அந்த உடல் 1997 வரை காட்சியில் நின்றது. 2000-இல்தான் அதை போட்ஸ்வானா மண்ணில் அடக்கம் செய்தார்கள். விலங்கின் தோலைக் கொண்டு நமக்கு வேண்டிய கதையைச் சொல்லலாம் என்று கை பழகிவிட்டால், அந்தக் கை மனிதத் தோலில் வந்து நிற்பதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. லாய்ட்டமனின் படத்தில் மிரண்டு விழும் நம் கைதிகளை நினைக்கும்போது, அந்தத் தூதனையும் அந்த ட்ஸ்வானா மனிதரையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்படியானால் முழு உண்மையையும் காட்டிவிடலாமா? கம்பிச் சுருக்கில் கால் மாட்டி, எலும்பு தெரியத் திமிறும் விலங்கைச் செய்து வைக்கலாமா? இந்தக் கேள்வியில் நான் இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கிறேன். மலேசியத் தீபகற்பத்தில் காட்டுப்புலிகள் 150-க்கும் குறைவு என்று கணக்கெடுப்பில் தெரிந்திருக்கிறது. அவற்றைத் தீர்த்துக்கொண்டிருப்பவற்றில் முக்கியமானது இந்தச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் கேபிளில் செய்துவிடலாம், காசு செலவில்லை, ஓசையில்லை, எந்தக் காலில் விழுகிறது என்று பார்க்காது. அதைக் கண்ணால் கண்டால்தான் கொடுமை விளங்கும் என்று சொல்பவர்கள் தவறானவர்கள் அல்லர். புலியின் உறுமலைக் காட்டி நூறு ஆண்டு பொய் சொன்ன அதே கலையால், புலியின் வலியைக் காட்டி ஒரு முறை உண்மையைச் சொல்ல முடியாதா? முடியும் என்று தோன்றுகிறது. உடனே, அதற்கும் ஒரு தோல் வேண்டுமே என்று தோன்றுகிறது. சுருக்கிலேயே செத்த விலங்கின் தோலில் அந்தக் கடைசி மணிநேரத்தை மறுபடியும் செய்துவைப்பது, அதை அங்கேயே நிரந்தரமாகக் கட்டிப்போடுவது ஆகாதா? துடிப்பைத் தத்ரூபமாகச் செய்ததற்குக் கைவினைஞரைப் பாராட்டிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட மாட்டோமா? வலியைக் காட்ட விலங்கே வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைக்கு நான் வந்து நிற்கும் இடம். காட்டில் எடுத்த ஒரு சுருக்கை, துருவோடும் அதில் ஒட்டிய மயிரோடும் மேசையில் வைத்தால் போதும். பக்கத்தில் ஒரு வெற்றிடம் விடுங்கள். பிள்ளைகள் மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 4.7 மீட்டர் நீள முதலை ஒன்று இருக்கிறது. 1887-இல் சிராங்கூன் ஆற்றில் ஓவன் என்பவர் சுட்டது. தீபாவளிக்கு நாம் முண்டியடித்துக்கொண்டு நடக்கும் அதே சிராங்கூன் சாலை அந்த நாளில் அந்த ஆற்றுப்பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. வெகுகாலம் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் இருந்த உடல் இது. 1972-இல் அந்த அரும்பொருளகம் விலங்குகளைக் கைகழுவியபோது சேகரிப்பு முழுவதும் பல்கலைக்கழகத்துக்குப் போய், இடம் இல்லாமல் அங்கும் இங்கும் அலைந்தது. யாங் சாங் மான் என்ற பெண்மணி பல்லாண்டு கண்ணும் கருத்துமாகக் காத்திராவிட்டால் பெரும்பகுதி குப்பைக்குப் போயிருக்கும். 2015-இல் புது அரும்பொருளகம் திறந்தார்கள். அந்த முதலையின் முன்னால் எனக்கு ஆத்திரம் வரவில்லை. அது யாரையும் தாக்கிக்கொண்டிருக்கவில்லை. எங்கே, எப்போது, யார் சுட்டார் என்று தெரிகிறது. இந்த ஆற்றில் இவ்வளவு பெரிய உயிர் வாழ்ந்தது என்பதற்கு அதன் உடலே அத்தாட்சி. இன்னும் நேர்மையானவை, ஆய்வுக்கென்று இழுப்பறைகளில் வைக்கும் பறவைத் தோல்கள். சிறகை உடலோடு ஒட்டி மடக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, கண்குழியில் பஞ்சு வைத்திருப்பார்கள். கண்ணாடி விழி கிடையாது. வெள்ளைப் பஞ்சு மட்டும். காலில் நூலில் கட்டிய சிறு சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பெயர். செத்தது செத்ததாகவே இருக்கிறது. இறந்த உடலிடமிருந்து அறிவைக் கேட்டுப் பெறலாம், நடிப்பைக் கேட்கக்கூடாது என்று இழுப்பறைகளை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

மனிதனும் விலங்கும் மோதிய கணத்தைச் சொல்ல நம்மிடம் வேறு வழியும் இருந்தது. கொங்கு நாட்டில் வயல்வரப்பிலும் கோயில் ஓரத்திலும் புலிகுத்திக் கற்கள் நிற்கின்றன. மாட்டுப்பட்டியைக் காக்கப் புலியோடு பொருதவன் வாளையோ ஈட்டியையோ புலியின் உடலில் பாய்ச்சுகிறான். புலி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. இருவரும் ஒரே கல்லில், ஏறத்தாழ ஒரே உயரத்தில். செத்தவனுக்காக அவன் சனம் எழுப்பிய கல் அது. அதில் எவருடைய தோலும் இல்லை. ஈட்டியும் மறைக்கப்படவில்லை. புலி அங்கே பகைதான், ஆனால் தோற்றுப்போன பொம்மை அல்ல. காம்பியர்த் தோட்டங்களில் செத்த சீனத் தொழிலாளர்களுக்கும், துப்பாக்கியோடு காட்டுக்குள் அனுப்பப்பட்ட நம் கைதிகளுக்கும் இந்தத் தீவில் அப்படி ஒரு கல் எழவில்லை. எழுந்திருந்தால், புலியைப் பற்றி இவ்வளவு பொய்யும் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். முதுமலைக் காட்டில் இன்று ஒரு புலி செத்தால், உடற்கூறாய்வு முடிந்ததும் சாட்சிகளை வைத்துக்கொண்டு தோல், பல், நகம் எல்லாவற்றோடும் எரித்துவிடுகிறார்கள். கள்ளச்சந்தைக்குப் பயந்து செய்வதுதான். என் கண்ணுக்கு அதில் மரியாதையும் தெரிகிறது.

எல்லாவற்றையும் எரியுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேட்டைக் காட்சிகளை வைத்திருக்கும் அரும்பொருளகங்கள் ஒவ்வொரு காட்சியின் அடியிலும் சில வரிகள் எழுதட்டும். இந்த விலங்கு எப்படிக் கொல்லப்பட்டது, குழியா, சுருக்கா, பரணிலிருந்து குண்டா. யார் கொன்றார், எதற்காக. இந்தக் கோலத்தைக் கொடுத்தவர் எவர். கூடவே நிற்கும் மனித உருவம் யாரைக் குறிக்கிறது, அவர் அங்கே எப்படிக் கொண்டுவரப்பட்டார் என்பதையும் எழுதட்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாமும் விலங்கைக் காட்டுவதற்கு முன் அந்தப் பலகையை வாசித்துச் சொல்வோம். இவ்வளவையும் எழுதிய பிறகு நிற்க முடியாத காட்சியை எடுத்துவிட வேண்டியதுதான். பிட்ஸ்பர்கில் 2020-இல் அந்த ஒட்டகத்தையும் தூதனையும் சிங்கங்களையும் திரையிட்டு மறைத்தார்கள், பிறகு காட்சியிலிருந்தே அகற்றிவிட்டார்கள்.